கடலுக்குப் போகிற தண்ணீர் வீணா?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும்: தாமிரபரணியில் இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "எத்தனை வருசமா இதையே எழுதுதான், ஒரு தடுப்பணை கட்டுதுக்கு ஆளில்லை" என்று ஒரு அண்ணாச்சி சொல்வதும் தவறாது.

கடைமடை விவசாயி அப்படிச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கண்முன்னே ஓடிய தண்ணீர் சித்திரையில் குடிக்கக்கூட இல்லையென்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கில் நெல்லும் வாழையும் குடிநீர்க் குழாயும் மட்டும்தான் இருக்கின்றன. ஆற்று மீன், கழிமுகத்து இறால், கடலோரத்துச் சாளை எதுவும் இல்லை. ஆற்றையும் கடலையும் படிக்கிற உயிரியலாளர்கள் போடுகிற கணக்கு வேறு. அது திருநெல்வேலிச் சீமையில் எப்படி வருகிறது, அதில் எவ்வளவு தெளிவு, எங்கே ஓட்டை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஆராய்ச்சிக்கு தாமிரபரணி மிகவும் வசதியான ஆறு. பொதிகையில் 1,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் பிறந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு சேர்ந்துவிடுகிறது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை, ஒரே மாவட்டத்தில் பிறந்து அதே மாவட்டத்தில் கடல் சேர்ந்த ஆறு. தென்மேற்குப் பருவமழை மலையை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை மலையையும் சமவெளியையும் சேர்த்து நனைக்கும். ஆக வருடத்துக்கு இரண்டு முறை புதுவெள்ளம். காலையில் முண்டந்துறைக் காட்டு ஓடையில் மாதிரி எடுத்தவர் அன்றைக்குச் சாயங்காலமே கழிமுகத்தில் இன்னொரு மாதிரி எடுத்துவிடலாம். காவிரியில் இது நடக்கிற காரியமா?

இந்த வசதியை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். மலையைப் படித்தவர்கள் மலையோடு நின்றார்கள், கடலைப் படித்தவர்கள் கடலோடு. நடுவில் இருக்கிற ஆற்றை நீர்வளத் துறையின் அணை நீர்மட்டப் பட்டியலுக்கு விட்டுவிட்டார்கள்.

முதலில் மலை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிற ஓடைகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. ஈ. ஜி. சைலஸ் 1954-ல் விவரித்த ஒரு கெண்டை அதில் முக்கியமானது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்டு தொங்கும். ஆற்றின் பெயரையே அதற்கு இனப்பெயராக வைத்தார். 2012-ல் அந்தக் கெண்டைக் கூட்டத்துக்குப் புதிய பேரினம் உண்டாக்கியபோது, ஆக்ஸ்போர்டின் பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். இப்போது அது டாகின்சியா தாம்பிரபர்னியை. பேரில் பாதி ஆக்ஸ்போர்டு, பாதி பாபநாசம்! பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. சைலஸ் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். மலை ஓடையிலிருந்து ஆழ்கடல்வரை போன ஆராய்ச்சியாளர்கள் நமக்கு அதிகம் இல்லை.

பிறகு 1993-ல் களக்காட்டின் பெயரில் ஒரு மீனை இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரமாதேவி விவரித்தார். வாய்க்கு அடியில் தட்டு மாதிரி ஓர் உறிஞ்சான் வைத்துக்கொண்டு பாறையில் ஒட்டி வாழ்கிற சாதி அது. 2003-ல் அதே காட்டுக்குள் இருக்கிற கன்னிக்கட்டி என்ற இடத்தின் பெயரில் ஒரு கெண்டை வந்தது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையத்தில் எம். அருணாசலமும் அவருடைய மாணவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் செய்த வேலையின் பலன்களில் அதுவும் ஒன்று.

புதுப் பெயர் வைப்பதைவிட அவர்கள் செய்த இன்னொரு வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு ஓடையை மேலிருந்து பார்த்தால் ஒரே தண்ணீர்தான். இறங்கி அளந்தால் கல் மேல் சலசலத்து ஓடுகிற இடம், சமமாக ஓடுகிற இடம், ஆழமான கயம் என்று மாறிமாறி வரும். ஒவ்வொன்றிலும் நீரின் வேகம், ஆழம், அடியில் கிடக்கிற கல்லின் அளவு எல்லாம் வேறு. மீன்களும் அதற்கேற்பப் பிரிந்து வாழ்கின்றன. பாறையில் ஒட்டுகிற மீனுக்கு வேகம் வேண்டும், நூல்துடுப்புக் கெண்டைக்குக் கயம் வேண்டும். ஆக, ஓடையில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த வேகத்தில், எந்தக் கல் மேல், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும். மின்சாரத்துக்காக அணையிலிருந்து ஒரு நேரம் திறந்து ஒரு நேரம் மூடினால் கீழே ஓடுகிற தண்ணீரின் மொத்த அளவு மாறாமல் இருக்கலாம், மீனுக்கு வீடு போய்விடும்.

மரங்கள் மூடிய ஓடையில் வெயில் குறைவு, பாசியும் குறைவு. அங்கே சாப்பாட்டுக்கு அடிப்படை உதிர்ந்த இலைதான். அந்த இலையை நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்கள் கத்தரித்துத் தின்கின்றன, பூச்சிகளை மீன் தின்கிறது. மே பூச்சி, கல் பூச்சி போன்ற சிலவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காது. ஒரு கல்லைப் புரட்டி, அடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினாலே அந்த ஓடையின் உடல்நிலை தெரிந்துவிடும். ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் அன்றைய நிலவரம்தான் கிடைக்கும். பூச்சி அந்தத் தண்ணீரிலேயே பல மாதம் இருந்ததால் போன மாதத்துக் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணிகளை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி டன் கணக்கில் அள்ளுகிறார்கள். பார்க்க அசிங்கம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லை மூடிவிட்ட துணிக்கு அடியில் இந்தப் பூச்சி எங்கே குடியிருக்கும்?

சரி, மலையை விட்டு இறங்குவோம். இறங்குகிற வழியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய மன்னர்கள் காலத்தவை. கல்லை அடுக்கிச் சரிவாகக் கட்டிய தாழ்வான கட்டுகள் அவை, வெள்ளம் வந்தால் மேலேயே போய்விடும். கடைசியான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்து வேலை, 1873-ல் முடிந்தது. இந்த எட்டில் கடலுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். 1940-களிலிருந்து மலையடிவாரத்தில் பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு என்று பெரிய அணைகள் சேர்ந்தன.

இந்த அணைக்கட்டுகளை ஒரு விலாங்கின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். விலாங்கு கடலில் பிறக்கிறது. குஞ்சு கண்ணாடித் துண்டு மாதிரி ஒளி ஊடுருவுகிற உடம்போடு நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வருகிறது. நல்ல தண்ணீரின் வாசம் கிடைக்கிற கழிமுகத்துக்குள் நுழைந்து, ஆற்றில் ஏறி, குளத்திலும் கசத்திலும் வருடக்கணக்கில் வளர்கிறது. முட்டையிட மறுபடி கடலுக்குத்தான் போகும். அங்கே முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆற்றிலிருந்து கடலுக்குத் தண்ணீர் போகாத வருடம் அதற்கு வழியும் இல்லை, வாசமும் இல்லை. குட்டி விலாங்கு ஈரமான கல் மேல் நெளிந்து ஏறிவிடும் என்பதால் பழைய சரிவுக் கட்டுகளை அது சமாளிக்கலாம். செங்குத்தான சுவர் வேறு விஷயம்.

ஆற்று இறாலுக்கு நிலைமை இன்னும் சிக்கலானது. நன்னீர் இறால்களில் பல இனங்கள் பேருக்குத்தான் நன்னீர். 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் எஸ். டபிள்யூ. லிங் என்பவர் பெரிய ஆற்று இறாலை வளர்க்க முயன்றபோது, பொரித்த குஞ்சுகள் நல்ல தண்ணீரில் நாலைந்து நாளுக்கு மேல் நிற்கவில்லை. உப்பு கலந்த தண்ணீரில் விட்ட பிறகுதான் பிழைத்தன. தாய் இறால் கழிமுகத்துக்கு இறங்கிவர வேண்டும், குஞ்சு அங்கே உருமாறி மேலே நடந்துபோக வேண்டும். உலகம் முழுக்க இந்த இறாலை வளர்க்கிற பண்ணைத் தொழில் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஒரு அணைக்கட்டு இந்த இறங்கலையும் ஏறலையும் ஒரே இடத்தில் மறிக்கிறது.

கொடுவா மீனும் மடவை மீனும் இதே ரகம்தான், ஒரு காலைக் கழிமுகத்திலும் ஒரு காலைக் கடலிலும் வைத்துக்கொண்டவை. குளத்து மட்டிக்கும் மீன் வேண்டும். அதன் குஞ்சு சில வாரம் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளரும், அப்படியே இடமும் மாறும். ஏறிவர மீன் இல்லாத குளத்தில் மட்டியும் பெருகாது.

இதெல்லாம் சூழலியல் என்கிற படிப்பு வந்த பிறகு தெரிந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காவிரி, கோதாவரியில் அணைகட்டிப் பேர்வாங்கிய ஆர்தர் காட்டனே 1867-ல், அணைக்கட்டுகளால் கடலோர மீன்பிடிப்புக்குச் சேதம் வருகிறது என்று அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அதை விசாரிக்க மருத்துவரும் மீனியல் வல்லுநருமான பிரான்சிஸ் டேயை நியமித்தார்கள். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடுகிற உல்லம் மீன் தடுப்புகளில் முட்டிக்கொண்டு நிற்பதையும், அங்கேயே கூட்டமாகப் பிடிபடுவதையும் டே எழுதினார், மீன் ஏற வழிவிடுங்கள் என்றும் சொன்னார். பிற்பாடு 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டத்துக்கு இந்த விசாரணைதான் விதை. அணை கட்டியவரே கேட்ட கேள்வி அது. இங்கே ஸ்ரீவைகுண்டத்தில் கல் ஏறிக்கொண்டிருந்ததும் அதே வருடங்களில்தான். நூற்றைம்பது வருடம் கழித்தும் நமது விவாதம் கன அடியிலேயே நிற்கிறது என்றால் என்ன சொல்ல.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் தண்ணீர் செய்கிற வேலைகள் பல. மண் கொண்டுவருவது அதில் கண்ணால் பார்க்கக் கூடியது. சங்க காலத்தில் துறைமுகமாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அதற்குப் பிறகு மார்க்கோ போலோ வந்த பழைய காயலும் உள்ளே போய்விட்டது. இப்போது கடலோரத்தில் இருப்பது புன்னைக்காயல். ஒரே ஆறு வண்டலைக் கொட்டிக்கொட்டிக் கரையைத் தள்ளியதால் துறைமுகம் பின்னாலேயே இடம்பெயர்ந்தது. கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்துவிட்டு இதை எழுதினார். இப்போது அந்த மணலில் ஒரு பங்கு அணைகளுக்குள் தங்கிவிடுகிறது, இன்னொரு பங்கை லாரியில் ஏற்றினோம். மணல் வராத கரையைக் கடல் தின்னும், இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு அதைவிட முக்கியம். ஆறு தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்டுவரும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவதாக சிலிக்கா வருகிறது. மலைப் பாறை கரைந்து தண்ணீரில் வருவது அது. கடலில் மிதக்கிற டயாட்டம் என்கிற நுண்பாசிக்கு உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு உண்டு. அந்த ஓட்டைச் செய்ய சிலிக்கா வேண்டும். தழைச்சத்தைச் சாக்கடையும் உரமும்கூடத் தந்துவிடும், சிலிக்காவை ஓடுகிற ஆறுதான் பெரும்பாலும் தர வேண்டும். அணையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அங்கே வளர்கிற டயாட்டங்களே அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுகின்றன. அப்புறம் கடலுக்குப் போவது சிலிக்கா குறைந்து சாக்கடைச் சத்து கூடிய தண்ணீர். அதில் டயாட்டத்துக்குப் பதிலாக வேறு பாசிகள், சில சமயம் நச்சுப் பாசிகளும், மேலோங்க வாய்ப்பு கூடுகிறது. சாளையும் நெத்திலியும் இந்தச் சங்கிலியின் மேல் கண்ணிகள்.

வெள்ளை இறாலின் குஞ்சுகள் கடலில் பொரித்துக் கழிமுகத்துக்குள் வந்து வளரும். மழைத் தண்ணீர் வந்து உப்பு குறைந்ததும் கூட்டமாகக் கடலுக்கு வெளியேறும். வெள்ளத்துக்குப் பிறகு இறால் படுவது புன்னைக்காயல்காரர்களுக்குப் புதுச்செய்தி இல்லை. நம்பியாறு, கருமேனியாறு மாதிரியான சிறிய ஆறுகளின் முகத்துவாரத்தைக் கடல் மணல் போட்டு மூடிவிடும். வெள்ளம் வந்து உடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். அங்கே 'வீணாகப் போன' தண்ணீர்தான் கதவைத் திறந்த சாவி.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எல்லாக் கடலுயிருக்கும் நல்லதில்லை. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை கிடக்கிற தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது தீவுகள் 21. அதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்குப் பெரிய காரணம். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், கலங்கல் ஆகாது. அதன் திசுவுக்குள் குடியிருக்கிற பாசிதான் வெயிலில் சமைத்துப் போடுகிறது. வண்டல் மூடினால் அந்த அடுப்பு அணைந்துவிடும். முத்துச்சிப்பிக்கும் ஏறக்குறைய அதே கதை. ஆகவே எவ்வளவு தண்ணீர் போனாலும் கடலுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோவதில் மண்ணும் பிளாஸ்டிக்கும் நிறைய. இயல்பான பருவத்தில், இயல்பான அளவில், ஓரளவு சுத்தமான தண்ணீர் தொடர்ந்து கொஞ்சம் போக வேண்டும் என்பதுதான் விஷயம். கோடையில் சொட்டும் போகாமல், கார்த்திகையில் மொத்தமாகத் திறந்துவிடுவது இரண்டு பக்கமும் கெடுதல்.

பவளத்தைப் பொறுத்தவரை ஆற்றைவிடப் பெரிய எதிரி வெப்பம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் வருடக்கணக்கில் தண்ணீருக்கடியில் நாடாவை விரித்து, அதன் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிர்ப்பவளம், எத்தனை செத்தது, எத்தனை மணல் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். 2016 கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, உயிர்ப்பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியதைத் தசமப் புள்ளியோடு சொல்ல முடிந்தது அதனால்தான். முந்தைய அளவு கையில் இல்லாதிருந்தால், 'நிறையச் செத்துப்போச்சு' என்பதோடு முடிந்திருக்கும்.

எழுதிவைப்பதன் அருமைக்கு மணப்பாட்டில் இன்னொரு சாட்சி இருக்கிறது. 2016 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய நாட்களில், மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர்வரை பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டாலும் பல திரும்பி வந்து செத்தன. நாட்டையே திகைக்க வைத்த செய்தி. ஆனால் 1973 ஜனவரி 14-ல் இதே கரையில் இதே இனத்தின் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் அன்றைக்கே அளந்து, எழுதி, அச்சிட்டிருந்தார்கள். 43 வருட இடைவெளியில் ஒரே மாதம், ஒரே கரை. காரணம் என்னவென்று அறுதியிட்டுச் சொல்ல இது போதாது. ஆனால் 2016-ல் ஊரில் உலவிய வதந்திகளில் பாதியைத் தள்ளிவைக்க இந்தப் பழைய குறிப்பு ஒன்றே போதும்.

அதற்கும் முன்னால் போனால், முத்துக்குளிப்புதான் இந்தக் கரையின் மிகப் பழைய உயிர்க்கணக்கு. பார் என்று சொல்கிற கடலடிப் பாறைத் திட்டுகளில் முக்குளிப்பவர்களை இறக்கி, எத்தனை சிப்பி, எவ்வளவு வயது என்று பார்த்த பிறகுதான் அந்த வருடம் குளிக்கலாமா என்று சர்க்கார் முடிவு செய்யும். தொடர்ந்து சில வருடம் கொட்டிக்கொடுத்த பார் பிறகு பல பத்தாண்டு வெறுமையாகக் கிடந்தது இந்தப் பதிவுகளால்தான் தெரிகிறது. கடைசிக் குளிப்பு 1961-ல். பிறகு 1973-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள், அது தனிக்கதை.

இன்றைக்குக் கடல் மீன் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது? 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கரையில் இறங்குகிற மீனைக் கணக்கிடுகிறது. எல்லாத் துறையிலும் எல்லா நாளும் ஆள் நிற்க முடியாது என்பதால், சில துறைகளையும் சில நாட்களையும் புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்து, வந்த படகுகளில் சிலவற்றில் பிடிபட்ட மீனை எடைபோட்டு, அதிலிருந்து மொத்தத்தைப் பெருக்குகிறார்கள். பல பத்தாண்டுகளாக ஒரே முறையில் நடப்பது இதன் பெரிய பலம். பலவீனமும் உண்டு. கரைக்கு வந்ததைத்தான் அது எண்ணும். விலைபோகாமல் கடலிலேயே கொட்டியது கணக்கில் வராது. கோழித்தீவனத்துக்குப் போகிற கழிசலில் ஐம்பது இனத்தின் குஞ்சு இருந்தாலும் அது ஒரே குவியல். தவிர, மீன் கூடப் பட்டது என்றால் கடலில் மீன் கூடியது என்று அர்த்தமில்லை. வலை கூடியிருக்கலாம், என்ஜின் பெரிதாகியிருக்கலாம், இன்னும் தூரம் போயிருக்கலாம்.

ஆற்றுக்கு இந்த அளவுக்குக்கூட ஒழுங்கான கணக்கு கிடையாது. ஆற்று மீனவர் வீச்சுவலையில் பிடித்ததைப் பாலத்தடியில் கூறுபோட்டு விற்றுவிட்டுப் போய்விடுவார். ஒரு மாணவரின் ஆய்வேடு மூன்று வருடம் ஓடும், பட்டம் வாங்கியதும் நின்றுபோகும். அடுத்தவர் வேறு இடத்தில் வேறு வலையில் தொடங்குவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

விதிவிலக்கு பறவைகள். மணிமுத்தாறில் இருந்து இயங்குகிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்பார்கள். பறவை மீனுக்கும் சாட்சிதான். கூந்தன்குளத்தில் கூடுகட்டுகிற மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குஞ்சுக்கு ஊட்டுவது மீன். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருவது மணிமுத்தாறு கால்வாயில். மழை பொய்த்துக் குளம் காய்ந்த வருடத்தில் கூடும் இல்லை.

இப்போது புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது. மீனைப் பிடிக்கவே வேண்டாம். ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அதில் மீன் உதிர்த்த செதில், சளி, எச்சத்தில் இருக்கிற மரபணுத் துணுக்குகளைப் படித்து, யாரெல்லாம் அங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கலங்கல் ஆற்றில் வலைக்கு அகப்படாத விலாங்குக்கும், எண்ணிக்கை குறைந்துபோன இனங்களுக்கும் இது அருமையான வழி. ஆனால் ஓடுகிற ஆற்றில் துணுக்கும் ஓடும். ஸ்ரீவைகுண்டத்தில் கிடைத்த துணுக்கு மருதூர் மீனுடையதாக இருக்கலாம். அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு இனத்தின் மரபணு வரிசையும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு மீனைச் சரியாக அடையாளம் காட்டுகிற ஆள் வேண்டும். கருவி எவ்வளவு வந்தாலும் துடுப்பு முள்ளை எண்ணத் தெரிந்தவர் இல்லாமல் காரியம் ஆகாது, அந்த ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம், வெள்ளநீர்க் கால்வாய். 2009-ல் தொடங்கிய தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்தில் கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி என்கிற செம்மணல் பகுதிவரை ஏறத்தாழ 75 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். வறண்ட வட்டாரங்களுக்குத் தண்ணீர் போவதை நான் எதிர்க்கப் போவதில்லை. திசையன்விளைப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் தனியாகப் போவதில்லை. தாமிரபரணியில் இருக்கிற சிலேபிக் கெண்டையும், தடைசெய்தும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும், மீன்தொட்டியிலிருந்து தப்பிய கவசக் கெளுத்தியும், அமலைச் செடி என்கிற ஆகாயத்தாமரையும் அதே கால்வாயில் போகும். சிலேபி குஞ்சை வாயில் வைத்துக் காப்பது, எந்தத் தண்ணீரிலும் பெருகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையும் சுவாசிக்கும், அகப்பட்டதைத் தின்னும். இவை ஒரு குளத்தில் குடியேறிவிட்டால் திரும்ப எடுக்க வழி கிடையாது. அயிரை, குறவை, ஆரல் என்று அந்தக் குளங்களில் மிச்சமிருப்பவை முதலில் அடிவாங்கும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. கருமேனியாற்றிலும் நம்பியாற்றிலும் அவற்றை ஒட்டிய குளங்களிலும் இன்றைக்கு என்னென்ன மீன் இருக்கிறது என்று, ஒரே வகை வலையில், ஒரே மாதத்தில், வருடாவருடம் ஒரு பட்டியல். கூடவே ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மாதந்தோறும் நீரோட்டம், உப்பு, சிலிக்கா. ஜனவரியில் பறவை எண்ணுகிறவர்கள் ஏற்கெனவே பல குளக்கரைகளில் நிற்கிறார்கள். அன்றைக்கே குளத்து மீன் குத்தகைக்காரர் வலை இழுக்கும்போது பக்கத்தில் போய்ப் பார்த்து, படமெடுத்து, இன்னொரு தாளில் எழுதிவிடலாம். அடையாளம் சொல்ல ஆழ்வார்குறிச்சியிலும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.